யூடியூப் வீடியோவின் முகப்புப் படத்தைச் சேமிக்கிறீர்களா? விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம் பகுதிகளில் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே இன்னும் கீரையும் வெண்டையும் பயிரிடும் விவசாயிகள் இருக்கிறார்கள். இவர்களில் பலருக்கு இன்று முதல் ஆலோசகர் யூடியூப்தான். வீடியோவை முழுதாகப் பார்க்க நேரமில்லாதபோது, அதன் முன்னால் தெரியும் படத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். இந்தப் படத்தைத்தான் தம்ப்நெயில் அல்லது முகப்புப் படம் என்கிறோம். இதைச் சேமிப்பதில் தவறில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி மருந்து கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் நேரில் பார்த்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன்.

ஒரு படத்தால் போன வெண்டை

பெரும்பாக்கம் பக்கத்து விவசாயி ஒருவர் 30 சென்ட் நிலத்தில் வெண்டை போட்டிருந்தார். இலையின் அடியில் வெள்ளை ஈ தென்பட்டதும், வாட்ஸ்அப் குழுவில் வந்த முகப்புப் படம் ஒன்றைச் சேமித்தார். அதில் ‘வேப்ப எண்ணெய் 30 மி.லி., வெள்ளை ஈ காலி’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. அவர் 10 லிட்டர் டேங்குக்கு 30 மி.லி. ஊற்றி அடித்தார். வீடியோவில் சொன்னதோ ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மி.லி., அதாவது 3 சதவீதக் கரைசல். 10 லிட்டருக்கு 300 மி.லி. வேண்டும். எண்ணெய் தண்ணீரில் கலக்கச் சோப்புக் கரைசலும் சேர்க்க வேண்டும். அவர் அடித்தது பத்தில் ஒரு பங்கு.

ஈ குறையவில்லை. இரண்டு வாரம் காத்திருந்ததில் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் பரவிவிட்டது. இது வைரஸ் நோய். வெள்ளை ஈ மூலம்தான் செடிக்குச் செடி பரவுகிறது. செடிக்குள் வைரஸ் புகுந்த பிறகு அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. என்னிடம் படத்தைக் காட்டியபோது பாதிச் செடிகளைப் பிடுங்க வேண்டிய நிலை. எண்ணெய்க்கான செலவு பெரிதல்ல, போன பதினைந்து நாள்தான் பெரிது.

முகப்புப் படம் எதற்காகச் செய்யப்படுகிறது?

நீங்கள் வீடியோவைத் தொட வேண்டும் என்பதற்காகவே முகப்புப் படம் செய்யப்படுகிறது. பெரும்பாலும் அது வீடியோவிலிருந்து எடுத்த காட்சி அல்ல, தனியாக வடிவமைத்து ஏற்றிய படம். அதனால் மூன்று குறைகள் சாதாரணமாக இருக்கும்.

1. அளவு இருக்கும், அலகு இருக்காது. லிட்டருக்கா, டேங்குக்கா, ஏக்கருக்கா என்பது விடுபட்டிருக்கும்.
2. நிறம் கூட்டப்பட்டிருக்கும். தழைச்சத்துக் குறையில் அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்துக் குறையில் மேலே உள்ள இளம் இலைகள் முதலில் வெளுக்கும். நிறம் மாற்றிய ஒற்றை இலைப் படத்தை வைத்து இந்த வித்தியாசத்தைக் காண முடியாது.
3. படம் வேறு ஊருடையதாக, வேறு பயிருடையதாக இருக்கலாம். செயற்கை நுண்ணறிவு கொண்டு வரைந்த படங்களும் இப்போது வருகின்றன.

அரசுத் திட்டங்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். 2022 டிசம்பரில் மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் மூன்று யூடியூப் சேனல்கள் பொய்ச் செய்தி பரப்புவதாக அறிவித்தது. அவற்றுக்கு ஏறத்தாழ 33 லட்சம் சந்தாதாரர்கள் இருந்தனர். வீடியோக்கள் 30 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டிருந்தன. தொலைக்காட்சிச் சேனல்களின் சின்னத்தையும் செய்தி வாசிப்பாளர் படத்தையும் முகப்பில் ஒட்டித்தான் அவர்கள் மக்களை நம்ப வைத்தார்கள். பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாகத் தலா 2,000 ரூபாய் தரப்படுகிறது. இதற்கு மாறான தொகை முகப்புப் படத்தில் இருந்தால், வேளாண் அலுவலகத்தில் கேட்காமல் எதையும் நம்ப வேண்டாம். அதனுடன் வரும் இணைப்பையோ செயலியையோ தொடவே வேண்டாம்.

சேமிக்கும் முறை

- முதலில் வீடியோவை முழுதாகப் பாருங்கள். அளவு சொல்லும் இடத்தில் நிறுத்தி, அந்தக் காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். முகப்புப் படத்தைவிட இதுவே பயன்படும்.
- பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் ஒன்றாக அழுத்தினால் ஸ்கிரீன்ஷாட் கிடைக்கும்.
- சேனல் பெயர், வீடியோ வெளியான தேதி, பயிர், மருந்தின் பெயர், ஒரு லிட்டருக்கான அளவு ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி முக்கியம். பழைய வீடியோவில் சொன்ன மருந்து இன்று தடை செய்யப்பட்டிருக்கலாம்.
- கேலரியில் பயிர் வாரியாகத் தனி ஆல்பம் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் படத்துக்கு நடுவே தேட வேண்டியிருக்காது.
- முகப்புப் படத்தை இறக்கித் தரும் இணையதளங்கள் உள்ளன. வீடியோ இணைப்பை ஒட்டினால் படம் வரும். அங்கே செயலியை நிறுவச் சொன்னாலோ, போன் எண், ஓ.டி.பி. கேட்டாலோ உடனே வெளியேறுங்கள். படம் எடுக்க இவை எதுவும் தேவையில்லை.
- படம் எங்கிருந்து வந்தது என்று சந்தேகம் வந்தால் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே படம் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும்.

மற்றவருக்கு அனுப்பும்போது

படத்தை வெட்டி அனுப்பாதீர்கள். வீடியோவின் இணைப்பை அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் இணைப்பை ஒட்டினாலே முகப்புப் படமும் தலைப்பும் தானாக வந்துவிடும். பெறுபவர் தொட்டு முழு வீடியோவையும் பார்க்கலாம், உழைத்து வீடியோ எடுத்தவருக்கும் பார்வை சேரும். படத்தைத்தான் அனுப்ப வேண்டும் என்றால் கீழே ஒரு வரி எழுதுங்கள்: ‘ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மி.லி., இன்ன சேனல், இன்ன தேதி.’

சட்டம் என்ன சொல்கிறது?

முகப்புப் படமும் ஒருவரின் படைப்புதான். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு அதற்கு உண்டு. அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும் நியாயமான அளவில் பயன்படுத்துவதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. உங்கள் போனில் வைத்துப் பார்ப்பது இந்த வகை.

வியாபாரத்துக்கு எடுத்தால் கதை வேறு. நம் பகுதியில் அடுக்குமாடி வாசல்களில் கீரை, காய்கறி விற்பவர்கள் வாட்ஸ்அப் விளம்பரத்துக்கு அடுத்தவர் தோட்டத்தின் முகப்புப் படத்தைப் போடுவதைப் பார்க்கிறேன். தெரிந்தே உரிமையை மீறினால் 63ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. சட்டத்தைவிட முக்கியமானது வாடிக்கையாளரின் நம்பிக்கை. படத்தில் தெரிவது உங்கள் தோட்டம் இல்லை என்று தெரிந்தால் அடுத்த வாரம் அவர் வாங்க மாட்டார். காலை வெயிலில், பனி உலருமுன் உங்கள் கீரைப் பாத்தியை நீங்களே படம் எடுங்கள். அதைவிட நல்ல விளம்பரம் இல்லை.

மற்றவர் படம் வேண்டுமானால் வீடியோவின் கீழே கருத்துப் பகுதியில் அனுமதி கேளுங்கள். பலர் மகிழ்ச்சியுடன் தருவார்கள். வீடியோ விவரத்தில் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமம் என்று இருந்தால், அந்த வீடியோவின் காட்சியை எடுத்தவர் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம்.

இன்னொன்று, முகப்புப் படத்தை ஃப்ளெக்ஸ் பேனருக்குக் கொடுக்காதீர்கள். வழக்கமான அளவு 1280 × 720 பிக்சல். அங்குலத்துக்கு 150 புள்ளி என்று அச்சிட்டால் சுமார் எட்டரை அங்குல அகலத்துக்குத்தான் தெளிவாக வரும்.

மருந்து கலக்கும் முன்

சந்தேகம் இருந்தால் பாதிக்கப்பட்ட செடியை அடியிலிருந்து நுனி வரை, இலையின் இரு பக்கமும் தெரியப் படம் எடுத்து, உங்கள் வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலரிடம் காட்டுங்கள். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மைய எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழில் இலவசமாகக் கேட்கலாம்.

முகப்புப் படம் நினைவுக்கு மட்டும் போதும். அளவுக்கு மருந்து டப்பாவின் லேபிளையும் அலுவலரின் பரிந்துரையையும் பாருங்கள்.