இசைக்கு இரண்டாம் இருப்பிடம்

கண்டி நகரிலிருந்து வடக்கே மாத்தளை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைக் கடந்து, அக்குறணைக் கடைவீதியைத் தாண்டி, அலவத்துகொடவை அடைகின்றது. இப்பகுதியின் மலைச்சரிவுகளில் அமைந்த இல்லங்கள் பலவற்றில், ஒரு தலைமுறைக்கு முன்னர், கசெட் நாடாக்கள் அடுக்கடுக்காக இருந்தன. இலங்கை வானொலியிலிருந்து பதிவுசெய்த திரையிசை, கோயில் திருவிழாவின் நாதஸ்வரம், தோட்டத்து லயங்களின் முன்றிலில் பாடப்பெற்ற காமன் கூத்துப் பாட்டு, பக்கீர்மார் றபான் தட்டிப் பாடிய பாட்டு, மணவீட்டில் முதியோர் இசைத்த வாழ்த்து என யாவும் அந்நாடாக்களில் அடங்கின. இன்று அவற்றுட் பல கணினிக்குள் புகுந்துவிட்டன. அக்கணினி ஒருநாள் இயங்க மறுத்தால் அவ்வளவும் போய்விடுமே என்னும் அச்சமும் உடன் புகுந்துவிட்டது. ஆகவே கணினிக்குப் புறத்தே வைத்துக்கொள்ளும் வன்தட்டு ஒன்றை வாங்க வேண்டும். எதனை வாங்குவது என்பதே வினா.

கடைக்காரர் கொள்ளளவையும் விலையையும் சொல்லி முடித்துவிடுவார். ஆயினும் இவ்வினா வன்தட்டுக்கு மிகவும் மூத்தது. அதே சாலையில் மாத்தளை நகரையும் கடந்து ஏறத்தாழ 3 கிலோமீற்றர் சென்றால் அலுவிகாரை என்னும் பாறைக்குகைக் கோயில் தோன்றும். ஒலியாக மட்டும் வாழ்ந்த ஒரு பெருஞ்செல்வத்தை வேறொரு பொருளில் படியெடுத்து வைக்கும் முயற்சி ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர் அங்கே நிகழ்ந்தது என்பது மரபு.

கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், இலங்கை படையெடுப்பாலும் கொடும்பஞ்சத்தாலும் அலைக்கழிந்தது. பௌத்த மறையாகிய திரிபிடகம் அதுவரை ஏட்டில் இல்லை. பிக்குமார் கூட்டங்கூட்டமாகக் கூடி ஓதி, ஓதி, நாவிலும் செவியிலுமே அதனைக் காத்து வந்தனர். பஞ்சத்தால் ஓதுவோர் குறையவே மறையும் குறையத் தொடங்கிற்று. விநய நூலின் உரை இவ்விடத்தில் ஒரு செய்தி கூறும். மகாநித்தேசம் என்னும் பகுதியை முற்றும் அறிந்தவர் ஒரு காலத்தில் ஒரே ஒரு பிக்குவாகவே இருந்தார். அவரோ ஒழுக்கத்தில் தாழ்ந்தவர். அவரிடம் சென்று பாடங்கேட்க மகாரக்கித தேரர் கூசினார். ஆனால் அந்த ஒருவர் மறைந்தால் நூலும் மறையும் என்று ஏனையோர் வற்புறுத்தவே, மனமின்றிச் சென்று கற்று மீண்டார். பழுதுற்ற வன்தட்டு ஒன்றில் மட்டும் எஞ்சிய பாடல்களை, அது முற்றாக நின்றுபோகுமுன் எடுத்துவிட முயல்வோர் படும் தவிப்பும் இத்தகையதே.

இதன் பின்னரே திரிபிடகம் ஓலையில் எழுதப்பெற்றது. எழுதிய செய்தியை மகாவம்சம் கூறுகின்றது. எழுதிய இடம் அலுவிகாரை எனப் பிற்கால மரபு குறிக்கின்றது. ஓலை கல்லைப்போல் நிலைப்பதன்று. அதனைப் பூச்சி அரிக்கும்; ஈரம் கெடுக்கும்; தீயோ ஒரு கணத்தில் உண்ணும். இதனை அறிந்தே முன்னோர் பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் படியெடுத்துக்கொண்டே வந்தனர். படிகள் விகாரைக்கு விகாரை பரவின. கடல் கடந்து பர்மாவுக்கும் சீயத்துக்கும் சென்றன. 1848இல் மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் ஒடுக்கியபோது அலுவிகாரை ஏட்டுச்சாலை அழிந்தது. ஆனால் திரிபிடகம் அழியவில்லை. பிறவிடங்களில் அது இருந்தது.

கண்டி இராச்சியத்திலேயே இதனினும் வியப்பான சான்று ஒன்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் இலங்கையில் உபசம்பதா என்னும் முழுத்துறவுத் தீட்சை அற்றுப்போயிற்று. அதனை அளித்தற்கு உரிய துறவியர் நாட்டில் இலர். கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் சீயத்துக்குத் தூது விடுத்தான். 1753இல் உபாலி தேரர் தம் குழுவினருடன் கண்டிக்கு வந்து அத்தீட்சையை மீண்டும் வழங்கினார். இலங்கைத் துறவிமரபு முன்னாளில் சென்று வேரூன்றிய நாடே சீயம். அயல்நாட்டில் தங்கியிருந்த படியே தாயகத்துக்குத் திரும்பி வந்தது எனலாம்.

இனி, படி ஒன்றே ஓரிடத்தில் இருந்தால் நேர்வது யாது? தமிழிசையின் பழங்கருவூலமாகிய தேவாரமே அதற்குச் சான்று. திருமுறை கண்ட புராணம் கூறுவது இது: மூவர் பாடிய பதிகங்கள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் வைத்துப் பூட்டப்பெற்றிருந்தன. சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் சென்று கேட்டபோது, மூவரும் நேரில் வந்தாலன்றி அறையைத் திறவோம் என்றனர் தில்லைவாழ் அந்தணர். மன்னன் மூவர் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து கதவைத் திறப்பித்தான். உள்ளே கண்டது கரையான் புற்று. எண்ணெய் பெய்து மண்ணை நீக்கியபோது எஞ்சியவை ஒரு பகுதி ஏடுகளே. இன்று கிடைப்பன ஏறத்தாழ 800 பதிகங்கள். பாடப்பெற்றவையோ பல்லாயிரம் என்பது மரபு. அவ்வறையின் காவலில் குறையொன்றுமில்லை. கள்வர் புகவில்லை, பகைவர் புகவில்லை. ஆயின் பூட்டு கரையானை அறியாது. ஏடு நலமாக இருக்கின்றதா என்று இடையில் எவரும் திறந்து பார்க்கவுமில்லை.

அப்புராணத்தில் இசை பற்றிய செய்தியும் உண்டு. கிடைத்த ஏடுகளில் சொல் இருந்தது; பண்ணிசை இல்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தி திருவெருக்கத்தம்புலியூரில் இருந்தாள். அவளைக் கொண்டே பண்கள் வகுக்கப்பெற்றன. ஏட்டுப் படியும் குரற்படியும் வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு பொருளில் இருந்தமையால் அன்றோ தேவாரம் பாட்டாக நமக்குக் கிட்டிற்று!

ஒலியையே பிடித்து வைக்கும் வழி 1877இல் எடிசன் கண்ட போனோகிராபுடன் பிறந்தது. பத்தாண்டின் பின் பெர்லினர் தட்டையான இசைத்தட்டை அமைத்தார். ஒரே அச்சிலிருந்து ஆயிரக்கணக்கான தட்டுகள் பிறந்தமையால், ஒரு வீட்டுத் தட்டு உடைந்தாலும் மற்றொரு வீட்டில் அதே பாட்டு இருந்தது. நிறுவனங்கள் காக்கத் தவறிய பழம்பாடல்கள் பல இவ்வாறு சேகரிப்பாளர் வீடுகளிலிருந்தே மீண்டன. 1963இல் பிலிப்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட கசெட் நாடா, பதிவுசெய்யும் ஆற்றலைச் சாதாரண மக்கள் கைக்குத் தந்தது. அதனோடு ஒரு கேடும் வந்தது. கடையில் விற்ற தட்டுக்கு ஆயிரம் உடன்பிறப்புகள் உண்டு. வீட்டில் பதிந்த நாடாவுக்கு ஒன்றுமில்லை.

பெருநிறுவனமாயினும் மூலத்தை ஓரிடத்தில் குவித்தால் கதி இதுவே. 2008 ஜூன் 1ஆம் திகதி அமெரிக்காவின் யுனிவர்சல் படப்பிடிப்பு வளாகத்தில் எழுந்த தீயில் மூல ஒலிநாடாக்கள் எரிந்தன. எத்தனை என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. 1981 மே இறுதி நாளின் இரவில் எரியூட்டப்பெற்ற யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றித் தமிழ் நேயர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஏறத்தாழ 97,000 நூல்களுடன் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அச்சு நூல்களுட் பலவற்றைத் தேடி மீண்டும் வாங்க முடிந்தது. வேறு படியில்லாத சுவடிக்கு அவ்வாய்ப்பு இல்லை.

இவ்வரிசையில் இறுதியாக வந்தது வன்தட்டு. 1956இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட முதல் வன்தட்டுப் பெட்டியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அதன் நிறை ஏறக்குறைய ஒரு தொன்; கொள்ளளவு 50 இலட்சம் எழுத்துகள். குறுந்தட்டின் தரத்தில் இசையைப் பதிந்தால் நிமிடமொன்றுக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் வேண்டும். ஆகவே அப்பெரும்பெட்டி அரை நிமிட இசையையும் தாங்கியிராது. இன்று சட்டைப்பையில் அடங்கும் ஒரு டெராபைட் வன்தட்டு, நான்கு நிமிடப் பாடல்கள் 23,000ஐ அதே தரத்தில் ஏற்கும். ஃப்ளாக் முறையில் சுருக்கினால், தரம் சிறிதும் குன்றாமல், ஏறக்குறைய பாதி இடமே போதும். எனவே வீட்டு இசைக்குக் கொள்ளளவு இக்காலத்தில் பெரிய கவலையன்று.

சுழலும் தட்டா, சுழலாத எஸ்.எஸ்.டி. வகையா என்பதே அடுத்த ஐயம். சுழலும் தட்டில் படிக்கும் முனை, மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் தட்டின்மேல் மிதக்கின்றது; ஓடும்போது மேசையிலிருந்து விழுந்தால் முனை தட்டை உராய்ந்து கெடுத்துவிடும். எஸ்.எஸ்.டி. வீழ்ச்சியைத் தாங்கும், விரைவும் மிகுதி. ஆனால் அது மின்னேற்றத்தால் நினைவு கொள்வது. மின்தொடர்பின்றி ஆண்டுக்கணக்கில் அலுமாரியில் கிடந்தால் அந்நினைவு மங்கக்கூடும். நாளும் கையில் எடுத்துச் செல்வோர்க்கு அது நன்று; எழுதிவைத்து மூடுவோர்க்குச் சுழலும் தட்டே மலிவும் போதுமானதும் ஆகும். சுழல்வனவற்றுள்ளும் மூன்றரை அங்குலப் பெட்டிக்குத் தனி மின்னிணைப்பு வேண்டும். இரண்டரை அங்குலப் பெட்டியோ மடிக்கணினியிடமிருந்தே மின்சாரம் பெறும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டைக் கண்ட நாட்டில் இது சிறு வேறுபாடன்று. கடவுச்சொல்லிட்டுப் பூட்டும் பெட்டிகளை விற்போர் புகழ்ந்துரைப்பர். வீட்டுப் பாடலுக்கு அப்பூட்டு எதற்கு? சொல்லை மறந்தால் தில்லை அறைதான். திருவுருவத்தைக் கொணர்ந்தும் திறக்க இயலாது.

விலையுயர்ந்த பெட்டி ஒன்றினும் எளிய பெட்டிகள் இரண்டே மேலானவை. இரண்டும் வெவ்வேறு நிறுவனத்தனவாயின், ஒரே உற்பத்திக் குறையால் ஒருங்கே கெடும் அச்சம் குறையும். வன்தட்டில் ஏற்றியாயிற்று என்று கணினியிலுள்ளதை அழிப்போர், படியை அன்று, இருப்பிடத்தையே மாற்றினர். பாடல் முன்போல் ஒன்றே. முதலில் ஏற்றத்தக்கவை காமன் கூத்தும் மணவீட்டுக் குரலும். திரையிசையைப் பின்னரும் எங்கேனும் பெறலாம். அலவத்துகொட வீட்டில் ஒரு பெட்டி இருக்கட்டும். மற்றையது, மலைநாட்டு ஈரம் அணுகாவண்ணம் மூடிய டப்பாவில், மாத்தளையிலோ கொழும்பிலோ உறவினர் வீட்டில் இருக்கட்டும். தைப்பொங்கலுக்கோ பெருநாளுக்கோ அவ்வீட்டுக்குச் செல்லும்போது அதனை எடுத்துக் கணினியில் இணைத்து, ஆண்டின் புதிய பதிவுகளைச் சேர்த்து, பழையவற்றுள் நாலைந்தை ஒலிக்கவிட்டுக் கேட்டபின் மீண்டும் டப்பாவில் வைத்து வரலாம்.