கழிதலும் கழித்தலும்: ஒரு சொற்குடும்பத்தின் சமூக வரலாறு

ஆங்கிலத்தில் ‘டிஸ்கார்ட்’ என்பது அன்றாட வழக்கிலுள்ள சொல். வேண்டாததெனக் கருதப்படும் எதனையும் அகற்றிவிடுவதை அது குறிக்கும். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கையிலுள்ள பயனற்ற சீட்டைக் கீழே போடுவதைக் குறிக்கும் சீட்டாட்டச் சொல்லாக எழுந்த அது, விரைவிலேயே பணியாளரை வேலையினின்று அகற்றுவதற்கும் வழங்கலாயிற்று. சீட்டுக்கும் வேலையாளுக்கும் ஒரே வினை பொருந்தியமை அக்கால இங்கிலாந்தின் சமூக உறவுகளைப் புரிந்துகொள்வதற்கு ஒரு சிறு சான்றாகும்.

இச்சொல்லுக்குத் தமிழில் நேர் தேடுவோர் ஒரு சொல்லோடு நின்றுவிட முடியாது. கழித்தல், ஒதுக்குதல், விலக்குதல், நீக்குதல், அகற்றுதல், தள்ளுதல், எறிதல், கைவிடுதல், துறத்தல், ஒழித்தல் எனப் பல சொற்கள் வந்து நிற்கும். அகராதிகள் இவற்றை ஒன்றுக்கொன்று பொருளாகத் தருகின்றன. ஆயினும் சமூக வழக்கில் இவை ஒன்றல்ல. யார் அகற்றுகிறார், எது அல்லது யார் அகற்றப்படுகிறார் என்பதைப் பொறுத்தே இவற்றின் ஆட்சி அமைகின்றது. அவ்வாட்சியை யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சமூக வரலாற்றின் பின்னணியில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சொற்களைத் தனித்தனியே கவனிப்போம். துறத்தல் உடையவனின் வினை. அரசைத் துறக்கலாம், இல்லறத்தைத் துறக்கலாம். ஆனால் எதுவுமில்லாதவன் துறப்பதற்கு எதுவுமில்லை. எனவேதான் அகற்றுதலைக் குறிக்கும் சொற்களுள் இஃதொன்றே பெருமைக்குரியதாய்ச் சமய இலக்கியத்தில் இடம்பெற்றது. எறிதல் இதற்கு மறுமுனையில் நிற்பது; வீட்டுக் குப்பையை நாம் துறப்பதில்லை, எறிகிறோம். ஒதுக்குதல் இருபொருள் உடையது. நிதியை ஒதுக்குதல் ஒன்றைப் பேணி வைத்தலாகும். மனிதரை ஒதுக்குதல் அவரைப் புறத்தே நிறுத்துதலாகும். இரண்டிலும் அதிகாரம் ஒதுக்குபவர் கையிலேயே இருக்கின்றது.

கழித்தல் இன்னும் விரிந்த சொல். கணக்கிற் கழிக்கிறோம்; காலத்தைக் கழிக்கிறோம்; நோய்க்கும் கண்ணூறுக்கும் ‘கழிப்புக் கழித்து’ அதனைச் சந்தியிற் கொண்டுபோய் இடுதல் நம் கிராமங்களில் வழங்கிய சடங்கு. இதே வடிவிலுள்ள ‘கழி’ என்னும் உரிச்சொல் பழந்தமிழில் மிகுதியைக் குறித்தது. குப்பை என்னும் சொல்லும் முன்னர்க் குவியலையே குறித்தது; நெற்குவியலும் குப்பை எனப்பட்டது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் எருவைக் குப்பை என்பது இன்றும் கேட்கக்கூடியது. அவருக்கு அது எறியத்தக்க பொருளன்று; மண்ணுக்குத் திரும்ப வேண்டிய செல்வம். ஒரு பொருள் கழிவா அன்றா என்பதை அதன் இயல்பு தீர்மானிப்பதில்லை, உற்பத்தியில் அது வகிக்கும் இடமே தீர்மானிக்கின்றது என்பதற்கு இச்சொல் தக்க எடுத்துக்காட்டு.

இச்சொற்குடும்பத்தின் இலக்கண அமைப்பில் இன்னொரு பண்பு குறிப்பாக அவதானிக்கத்தக்கது. இவற்றுட் பல இரட்டையாக வருகின்றன: கழிதல் – கழித்தல், ஒதுங்குதல் – ஒதுக்குதல், விலகுதல் – விலக்குதல், நீங்குதல் – நீக்குதல், அகலுதல் – அகற்றுதல், ஒழிதல் – ஒழித்தல். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. முன்னதில் அகல்வது தானே அகல்கின்றது. பின்னதில் அகற்றும் ஒருவர் உண்டு. ஒரே நிகழ்ச்சியை இரண்டு விதமாகவும் கூறலாம். எந்த விதமாகக் கூறுவது என்பதிலே சமூக நலன்கள் தொழிற்படுகின்றன.

இலக்கண மரபிலிருந்தே இதனை விளக்கலாம். காலத்தாற் பழையவை கழிவதும் புதியவை புகுவதும் குற்றமாகா என்பது நன்னூலார் கருத்து. காலத்தோடு பொருந்தி வரும் சொல் எதனையும் விலக்கத் தேவையில்லை என்னும் கருத்து தொல்காப்பியத்திலும் உண்டு. இவை மொழியின் மாற்றத்தை ஏற்ற முற்போக்கான கூற்றுகளே. எனினும் நன்னூலார் கையாண்டது தன்வினை. சொற்கள் தாமே கழிகின்றன என்ற தோற்றம் அதனால் உண்டாகின்றது. வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது என்னும் தொல்காப்பியக் கொள்கையை இதனோடு சேர்த்து நோக்கும்போதே கழிப்பவர் யார் என்பது புலனாகின்றது.

யாழ்ப்பாணத்தில் அகராதிக் கலை வளர்ந்த வரலாறும் இவ்வகையிற் பயன்தருவது. 1842இல் அமெரிக்க மிஷனின் முயற்சியால் மானிப்பாயில் வெளிவந்த யாழ்ப்பாண அகராதி சுமார் 58,500 சொற்களைக் கொண்டது. யோசேப்பு நைற் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய தொகுப்பு வேலையை அடித்தளமாகக் கொண்டு, வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி 1862இல் சென்னையில் வெளிவந்தது. அதன் ஆங்கிலத் தலைப்பே தமிழை உயர்ந்தது, தாழ்ந்தது என இரண்டாகப் பகுத்துரைத்தது. ஆயினும் தாழ்ந்ததெனப் பெயரிட்ட வழக்கையும் அவ்வகராதி தள்ளிவிடவில்லை. சாதாரண மக்களிடம் பேசவேண்டிய தேவை மிஷனரிகளுக்கு இருந்தமையே இதற்குக் காரணம். பின்னர் 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிக்கன், இவ்விதம் சேர்க்கப்பட்ட பல சொற்களை யாழ்ப்பாண வழக்கு என்ற குறியீட்டுடன் ஏற்றுக்கொண்டது. அச்சொற்கள் காக்கப்பட்டன, அதேவேளை ஓரத்தில் நிறுத்தவும்பட்டன.

1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டம் இந்தப் பின்னணியில் வைத்து நோக்கத்தக்கது. முற்போக்கு எழுத்தாளர் தமது கதைகளிற் பேச்சுவழக்கைக் கையாண்டபோது, பண்டித மரபினர் அதனை ‘இழிசனர் வழக்கு’ எனக் கூறி விலக்க முற்பட்டனர். புறநானூற்றில் இழிசினன் எனப்படுபவன் கட்டில் பின்னுபவனாகவும் பறை கொட்டுபவனாகவும் வருகின்றான் என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். உழைப்பவனைக் குறித்த பெயரே அவனுடைய மொழியை ஒதுக்கும் முத்திரையாயிற்று. விவாதம் மொழித் தூய்மை பற்றியதாகத் தோன்றினும், டொமினிக் ஜீவா, கே. டானியல் போன்று ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்தோர் இலக்கியத்துள் நுழைவதே அதன் உட்பொருளாக இருந்தது. நால்வருணத்துக்குப் புறத்தே வைக்கப்பட்டோரின் பெயரையே தன் நாவலுக்குத் தலைப்பாக்கி, டானியல் 1972இற் ‘பஞ்சமர்’ நாவலை வெளியிட்டார்.

சொல்லை விலக்கியோர் முன்னரே மனிதரை விலக்கியிருந்தனர். கோயிலுக்கு வெளியே நிற்றல், பள்ளிக்கூடத்தில் நிலத்தில் இருத்தல், பொதுக் கிணற்றில் தண்ணீர் அள்ளாதிருத்தல் என்பவை தாழ்த்தப்பட்டோர் மீது சுமத்தப்பட்ட கட்டுப்பாடுகள். தேநீர்க் கடைகளில் அவர்களுக்குச் சிரட்டையிலும் தகரப் பேணியிலும் போத்தலிலும் தேநீர் வழங்கப்பட்டது. தேங்காய் துருவியபின் எறியப்படுவது சிரட்டை. உள்ளிருந்த பண்டம் முடிந்தபின் எறியப்படுவது பேணி. ஒதுக்கப்பட்ட மனிதருக்கு ஒதுக்கப்பட்ட பாத்திரம் என்பது உவமையன்று, நடைமுறை. இந்நடைமுறை கட்டளையாக வெளிப்பட்டபோது பெரும்பாலும் தன்வினை வடிவையே கொண்டது: ‘ஒதுங்கி நில்’, ‘விலகிப் போ’. ஒதுக்குபவர் தம் வினையை ஒதுக்கப்படுபவரின் கடமையாக மாற்றிவிட்டனர். தாழ்ந்தோர் என்ற பெயரிலும் அவ்வுத்தியே காணப்படுகின்றது; தாமே தாழ்ந்திருப்பவர் என்பது அதன் பொருள்.

‘தாழ்த்தப்பட்டோர்’, ‘ஒடுக்கப்பட்டோர்’ என்னும் சொற்கள் வழக்கிற்கு வந்தமை எனவே வெறும் மரியாதை மாற்றமன்று. தாழ்த்தப்பட்டார் எனின் தாழ்த்தியவர் ஒருவர் இருந்தாகவேண்டும். மறைந்திருந்த எழுவாயை அச்சொல் வெளிக்கொணர்ந்தது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் தீண்டாமையின் அடிப்படையில் விதிக்கப்படும் தடைகளைக் குற்றமாக்கிற்று. ஆயினும் சட்டத்தால் மட்டும் கடைகளோ கோயில்களோ திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நடைபெற்ற ஊர்வலத்துடன் எழுச்சி பெற்றுத் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. சங்கானையிலும் பிற இடங்களிலும் தேநீர்க் கடைப் பிரவேசமும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் முன்றலிற் போராட்டமும் நிகழ்ந்தன. இயக்கத்தின் பெயரே கருத்துட் கொள்ளத்தக்கது. தீண்டாமை காலப்போக்கில் ஒழியும் என்று ஆறுதல் கூறியோர் பலர். இயக்கம் அதனை ‘ஒழிப்பு’ என்றது. இதுவரை அகற்றுதலுக்குச் செயப்படுபொருளாக இருந்தோர் இப்போது அகற்றுதலின் எழுவாயாயினர்.

இவ்வளவும் கூறியபின், பிற்கால வரலாறு பற்றி வாளாவிருத்தல் ஆய்வு நேர்மையாகாது. 1990 ஒக்டோபரில் 70,000க்கு மேற்பட்ட வடமாகாண முஸ்லிம்கள் தமிழீழ விடுதலைப் புலிகளாற் தம் ஊர்களிலிருந்து அகற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30ஆம் திகதி அவர்களுக்குச் சில மணிநேர அவகாசமே கொடுக்கப்பட்டது. சரியாக ஐந்தாண்டுகளின் பின், 1995 ஒக்டோபர் 30இல், இராணுவம் முன்னேறி வரப் புலிகளின் அறிவிப்பின் பேரில் வலிகாமத்து மக்கள் பல இலட்சம் பேர் வீடுவாசலைக் கைவிட்டுத் தென்மராட்சிக்கும் அப்பாலும் சென்றனர். இரண்டையுமே ‘இடம்பெயர்வு’ என்னும் ஒரே சொல்லாற் குறிக்கும் பழக்கம் நம்மிடையே உள்ளது. இடம்பெயர்தல் தன்வினை, பறவையும் இடம்பெயரும். முதலாவது நிகழ்ச்சிக்கு ‘வெளியேற்றம்’ என்ற சொல்லே பொருந்தும். அச்சொல்லைக் கூறத் தயங்குவது துன்பத்தைக் குறைத்துக் கூறுவதாக மட்டும் அமைவதில்லை. வெளியேற்றியவரை வாக்கியத்திலிருந்து நீக்குவதாகவும் அமைகின்றது. உயர்சாதியினரின் தன்வினைகளை மறுத்த முற்போக்கு மரபு, தன் இனத்தின் பெயரால் நிகழ்ந்த வினைக்கும் அதே அளவுகோலைப் பயன்படுத்தக் கடமைப்பட்டுள்ளது.

எனவே இச்சொற்களை ஆராய்வோர் அகராதிப் பொருளோடு நின்றுவிடலாகாது. கழிந்தது எனப்படும் இடந்தோறும் கழித்தவர் உண்டா என வினவுதல் வேண்டும். சில வேளை உண்மையிலேயே எவரும் இலர். உற்பத்தி முறை மாற, அதனோடு சேர்ந்த சொற்கள் தாமே வழக்கிழக்கின்றன. துலா மறைந்த தோட்டத்தில் துலா மிதித்தல் என்பதும் மறைவது இயல்பு. ஆனால் மனிதர் அவ்வாறு கழிவதில்லை. அவர்களைப் பற்றிய வாக்கியங்களில் எழுவாயைத் தேடி நிரப்புவது சொல்லாய்வின் பணி, சமூக வரலாற்றின் பணியும் அதுவே.