உற்பத்திக்கு வராத போர் விமானம்: எச்.ஏ.300

மாணவர்களே, "காரணங்களை ஆராய்க" என்று கேள்வி வந்தால் நம்மில் பலர் ஒரே ஒரு காரணத்தை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறோம். ஒரு பெரிய திட்டம் ஏன் நின்றுபோகிறது என்று படிப்படியாகப் பார்க்க நல்ல எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. இந்தியாவும் எகிப்தும் கைகோத்த கதை அது.

தொடக்கம் ஸ்பெயினில். 1950-களில் ஜெர்மானிய வடிவமைப்பாளர் வில்லி மெஸ்ஸர்ஷ்மிட் அங்குதான் எச்.ஏ.300-ஐ வரைந்தார். எடை குறைந்த, ஒற்றை எஞ்சின் இடைமறிப்பு விமானம் அது. எதிரி நெருங்குவதற்குள் மேலே ஏறி வழிமறிப்பதுதான் அதன் வேலை. இலக்கு, ஒலியைப்போல் இரு மடங்கு வேகம். எவ்வளவு என்கிறீர்களா? பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது!

ஸ்பெயினுக்குச் செலவு கட்டுப்படியாகவில்லை. திட்டத்தை எகிப்து வாங்கிக்கொண்டது. கெய்ரோவுக்கு அருகே ஹெல்வானில் வேலை தொடர்ந்தது.

இதே நேரத்தில் பெங்களூரில் என்ன நடந்தது தெரியுமா? கர்ட் டாங்க் என்ற இன்னொரு ஜெர்மானியர் தலைமையில் உருவான மாருத் போர் விமானம் 1961 ஜூன் 17-இல் முதன்முதலாகப் பறந்தது. விமானம் தயார், அதற்கேற்ற சக்தியுள்ள எஞ்சின்தான் இல்லை. எகிப்திலோ ஆஸ்திரியப் பொறியாளர் பிராண்ட்னர் இ-300 என்ற எஞ்சினை உருவாக்கிக்கொண்டிருந்தார். இரு நாட்டுக்கும் தேவை ஒன்றே. இந்தியா எஞ்சின் திட்டத்தில் பங்கேற்றது. சோதனை விமானி கபில் பார்கவாவையும் அனுப்பியது. 1964 மார்ச் 7-இல் எச்.ஏ.300-ஐ முதன்முதலில் வானில் ஏற்றியவர் அவர்தான். ஆனால், அன்று அதில் இருந்தது பிரிட்டனின் ஆர்ஃபியஸ் எஞ்சின். இ-300 இன்னும் தயாராகவில்லை.

இனி காரணங்களைக் கோத்துப் பாருங்கள். எஞ்சின் தாமதமானது. 1967 ஜூன் போரில் எகிப்து பேரிழப்பைச் சந்தித்தது. உடனடியாக விமானங்கள் தேவைப்பட்டன. சோவியத்தின் மிக்-21 தயாராகக் கிடைத்தது. இந்தியாவும் 1960-களிலேயே மிக்-21 பக்கம் போய்விட்டது. 1969-இல் திட்டம் மூடப்பட்டது. இ-300 பொருத்திய மூன்றாவது முன்மாதிரி பறக்கவே இல்லை.

பெங்களூரும் தப்பவில்லை. மாருத் உற்பத்திக்கு வந்தது, 147 விமானங்கள் செய்தார்கள். இருந்தாலும், ஆர்ஃபியஸ் எஞ்சினை வைத்துக்கொண்டு நினைத்த வேகத்தை அதனால் எட்ட முடியவில்லை.

நம் நாடு? அதே 1969-இல் மலேசிய விமானப்படை, ஆஸ்திரேலியா கொடுத்த சேபர் விமானங்களைப் பெற்றது. இளம் நாட்டுக்கு அது எளிய வழி. சொந்தமாகச் செய்வதா, கிடைப்பதைப் பெறுவதா என்ற கேள்வி அன்று எல்லாருக்கும் இருந்தது.

ஆசிரியர்களே, மாணவர்களை "எகிப்து தோற்றது" என்று ஒரே வரியில் முடிக்க விடாதீர்கள். "எஞ்சின் தாமதமானதால்... அதற்குள் போர் வந்ததால்... ஆயத்த விமானம் கிடைத்ததால்..." என்று சங்கிலியாக எழுதச் சொல்லுங்கள். எந்தக் கண்ணி முதலில் அறுந்தது என்று வகுப்பில் விவாதிக்கட்டும். என்னைக் கேட்டால் எஞ்சின் என்பேன். உடலைச் செய்துவிட்டு இதயத்தை இரவல் கேட்டால் எத்தனை தூரம் போக முடியும், சொல்லுங்க?