வெயில் நாளில் காய்ச்சிய இரும்பு

இரும்பு பழுத்துவிட்டது என்று கொல்லர் எதை வைத்துச் சொல்கிறார்? நிறத்தை வைத்துத்தான். கறுப்பு மங்கிய சிவப்பாகும், பிறகு செர்ரிப் பழத்தின் சிவப்பு, அதற்கு மேல் ஆரஞ்சு, மஞ்சள். எந்த நிறத்தில் எடுத்து எண்ணெயில் முக்க வேண்டும் என்பது இருபது முப்பது வருடம் உலை முன்னால் நின்றவரின் கண்ணுக்குத் தெரியும். பாகுக்குக் கம்பிப் பதம் பார்க்கிற மாதிரிதான். இரண்டுக்குமே தமிழில் 'பதம்' என்ற ஒரே சொல்தான்.

1917இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச்சாலையிலும் பதம் பார்த்தது கண்தான். அங்கே உருவானது எம்1903 ரைபிள். அன்றைய அமெரிக்கப் படைவீரனின் கையில் இருந்தது அதுதான். பார்க்க அத்தனை நேர்த்தி, குறியும் தப்பாது. அந்த வருடம் ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப்போருக்குள் நுழைந்தது. அதே வருடத்தில் சில ரைபிள்கள் சுடும்போதே வெடிக்க ஆரம்பித்தன.

வெடித்தது குழல் இல்லை, ரிசீவர். குழலுக்குப் பின்னால் தோட்டாவையும், அதை அடைத்துப் பிடிக்கும் போல்ட்டையும் தாங்கி நிற்கும் எஃகுக் கட்டுதான் ரிசீவர். சுடுகிறவர் கன்னத்தைக் கட்டையில் வைத்துக் குறிபார்க்கும்போது அவர் கண்ணுக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம்தான். அது கண்ணாடி மாதிரி உடைந்து சிதறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் சந்தேகம் விழுந்தது தோட்டாக்கள் மேல். அதில் நியாயமும் இருந்தது. ரைபிள் தோட்டாவின் வேலையில் பாதி அதன் பித்தளைக் கூட்டுக்கு. வெடிமருந்து எரிந்ததும் கூடு உப்பி அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் வராமல் அடைத்துவிடும். ஸ்பிரிங்ஃபீல்டின் வடிவமைப்பில் கூட்டின் அடிப்பகுதியில் கொஞ்சம் அறைக்கு வெளியே, எந்த ஆதரவும் இல்லாமல் நிற்கும். பித்தளை மென்மையாகப் போய்விட்டால் அந்த இடம் கிழிந்து, கடும் அழுத்தத்தில் இருக்கும் வாயு ரிசீவருக்குள் பாயும். போர் அவசரத்தில் வந்த தோட்டாக்களில் அப்படிப்பட்ட பித்தளையும் இருந்தது.

ஆனால் கேள்வி அதோடு முடியவில்லை. கூடு கிழிவது நடக்கக்கூடிய விபத்து. நல்ல ரிசீவர் என்றால் வளையலாம், வீங்கலாம், துப்பாக்கி வீணாகப் போகலாம். துண்டு துண்டாகச் சிதறக் கூடாது. இவை ஏன் சிதறின?

உலைக்கூடத்தில் வெப்பத்தை அளக்கும் பைரோமீட்டரை வைத்துப் பார்த்தார்கள். வெயில் பளீரென்று அடிக்கும் நாளில் மூத்த தொழிலாளிகள் 'சரியான சூடு' என்று எடுத்த இரும்பு, மேகமூட்டமான நாளில் அதே ஆட்கள் எடுத்ததைவிட 300 ஃபாரன்ஹீட் டிகிரி வரைக்கும் கூடுதலாக இருந்தது. செல்சியஸில் கிட்டத்தட்ட 165 டிகிரி. ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம் கூடினால் பழுத்த இரும்பின் நிறம் மங்கித் தெரியும். 'இன்னும் கொஞ்சம் ஏறட்டும்' என்று விட்டிருக்கிறார்கள். அளவுக்கு மீறிய சூட்டில் எஃகின் உள்மணிகள் பருத்துவிடும். மேலே கடினம், உள்ளே நொறுங்கும் தன்மை.

அந்தத் தொழிலாளிகள் அலட்சியமானவர்கள் இல்லை. பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள். அவர்கள் கண் சொன்ன நிறம் அன்றைக்கு வானம் இருந்த மாதிரிக்கு மாறியது, அவ்வளவுதான். கண்ணுக்குள் இருந்துகொண்டே அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவே முடியாது. அதற்கு வெளியிலிருந்து ஒரு கருவி வர வேண்டியிருந்தது.

இதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது வேறு ஒரு விஷயம். இந்த ரைபிள்கள் சோதிக்கப்படாமல் வெளியே போகவில்லை. ஒவ்வொன்றிலும் வழக்கமான தோட்டாவைவிட மிக அதிக அழுத்தம் தரும் ஒரு சோதனைத் தோட்டாவைப் போட்டுச் சுட்டிருக்கிறார்கள். சாதாரணத் தோட்டாவின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 50,000 பவுண்டு, சோதனைத் தோட்டாவுக்குச் சுமார் 70,000. பின்னால் வெடித்த ரைபிள்களும் இதில் பாஸ் ஆனவைதான்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். இங்கே ஒவ்வொரு பருக்கையையும் நசுக்கிப் பார்த்திருக்கிறார்கள், அப்படியும் தப்பிவிட்டது. ஏனென்றால் சோதனை கேட்டது ஒரே கேள்வி: 'நல்ல கூட்டுக்குள் அடைபட்ட அழுத்தத்தைத் தாங்குவாயா?' கூடு கிழிந்து வாயு திடீரென்று அறைந்தால் என்ன செய்வாய் என்று யாரும் கேட்கவில்லை. நொறுங்கும் எஃகு சீரான பாரத்தைத் தாங்கும், திடீர் அடியில் உடையும். நான் வேலை பார்க்கும் மென்பொருள் துறையில் எல்லா டெஸ்ட்டும் பச்சை காட்டிய பிறகு சர்வர் விழுவது வாராவாரம் நடக்கும். அங்கே யார் கண்ணும் போகாது.

தீர்வு சீக்கிரமே வந்தது. 1918 பிப்ரவரியில் ஸ்பிரிங்ஃபீல்ட் இருமுறை சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்கு மாறியது. வரிசை எண் ஏறத்தாழ 8,00,000. இல்லினாய் மாநிலத்தின் ராக் ஐலண்ட் ஆயுதச்சாலை 2,85,507ஆம் எண்ணில் மாறியது. அதற்கு முன் செய்து முடித்தவை? கூட்டிப் பார்த்தால் பத்து லட்சத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை நன்றாகவே இருந்திருக்கலாம். எது நல்லது, எது கெட்டது என்று உடைக்காமல் சொல்ல வழியில்லை. எனவே வரிசை எண்ணே தீர்ப்பு ஆனது.

இந்தக் கதை நமக்குக் கிடைப்பதற்குக் காரணம் ஜூலியன் ஹேச்சர். அன்று ஸ்பிரிங்ஃபீல்டில் பணியாற்றிய ராணுவ அதிகாரி, பின்னாளில் மேஜர் ஜெனரல். 1947இல் வெளிவந்த 'ஹேச்சர்ஸ் நோட்புக்' என்ற தன் குறிப்புப் புத்தகத்தில் 1917 முதல் 1929 வரை வெடித்த ரிசீவர்களை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டிருக்கிறார். மொத்தம் 68. யாரும் சாகவில்லை, ஆனால் கண் போனவர்கள் உண்டு. ரைபிளின் எண், என்ன தோட்டா, யாருக்கு என்ன காயம் என்று வரிசையாக வரும் அந்தப் பக்கங்களில் கோபம் இல்லை, சமாதானமும் இல்லை. சில இடங்களில் காரணம் தவறான தோட்டா, சில இடங்களில் குழலுக்குள் ஏதோ அடைத்திருந்தது. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

1927இல் ஒரு குழு, பழைய ரிசீவர்கள் எல்லாவற்றையும் விலக்கச் சொன்னது. மேலிடம் அதை முழுசாக ஏற்கவில்லை. பழுதுக்கு வருபவற்றை ஒதுக்கலாம், மற்றவை போர்க்கால இருப்பாகக் கிடக்கட்டும் என்று முடிவானது. பத்து லட்சத்தில் 68 என்பது மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குச் சின்ன எண்தான். கிழிந்த கூட்டிலிருந்து வாயு வெளியேற ரிசீவரின் இடப்பக்கத்தில் துளை போடுவது பிறகு வந்தது. 'ஹேச்சர் துளை' என்றே அதற்குப் பெயர்.

எம்1903 பிறந்த அதே 1903இல் பிறந்தவர் பார்க்கர் ஓட்டோ ஆக்லி. ராணுவ அதிகாரி இல்லை, கடை வைத்துத் துப்பாக்கி வேலை செய்தவர். தொழிற்சாலை செய்யாத தோட்டாக்களை உருவாக்குவதில் பேர் பெற்றவர். ரைபிளின் அறையைக் கொஞ்சம் அகலமாகக் கடைவார், அதில் சாதாரணத் தோட்டாவைச் சுடுவார். பித்தளை உப்பிப் புது அறையின் வடிவத்துக்கு வந்துவிடும். சுட்டதே வார்ப்பு.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்காவில் பல நாட்டு ராணுவ ரைபிள்கள் மலிவாகக் கிடைத்தன. எதை நம்பி வேட்டைத் துப்பாக்கியாக மாற்றுவது? ஆக்லி அவற்றை வரிசையாக எடுத்து, மருந்தைக் கூட்டிக்கொண்டே போய், வெடிக்கும்வரை சுட்டுப் பார்த்தார். ஜப்பானிய ரைபிள் மட்டம் என்பது அன்றைய பொதுப் பேச்சு. 6.5 மில்லிமீட்டர் அரிசாக்கா ரிசீவரோ, மற்ற பல உடைந்த அளவையும் தாண்டித் தாங்கியது. பளபளப்பை வைத்து எஃகை எடைபோட்டவர்களுக்கு இதை ஜீரணிக்கச் சிரமமாகத்தான் இருந்திருக்கும்.

ஸ்பிரிங்ஃபீல்ட் ஒன்று இன்றைக்குப் பட்டறைக்கு வந்தால், விஷயம் தெரிந்தவர் முதலில் உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொள்வார். அடுத்து எண்ணைப் பார்ப்பார். குழலின் உள்பக்கம், போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் இடையிலான இடைவெளியை அளக்கும் 'கோ', 'நோ-கோ' அளவிகள் எல்லாம் அதற்கப்புறம். எண் எல்லைக்குக் கீழே இருந்தால் அந்த அளவிகள் என்ன சொன்னாலும் பயனில்லை. இடைவெளியை அளக்கலாம், எஃகின் உள்மணியை அளக்க முடியாது. அமெரிக்காவில் பழைய ராணுவ ரைபிள்களைப் பொதுமக்களுக்கு விற்கும் சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம் அமைப்பும், இந்த எண்களுக்குக் கீழே உள்ளவற்றைச் சுட வேண்டாம் என்றே சொல்கிறது.

'தாத்தா காலத்திலேர்ந்து சுடறோம், ஒண்ணும் ஆகலையே' என்பவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான், இதுவரை கூடு கிழியவில்லை. நூறு வருடத்துக்கு முன்னால் அந்த ரிசீவர் உலையிலிருந்து வெளியே வந்த நாளில் வெயில் அடித்ததா, மேகம் போட்டிருந்ததா என்று தாத்தாவுக்கும் தெரியாது.