சங்ககிரி மலைக்கோட்டை

சேலம் மாவட்டம் சங்ககிரியில், ஊரை ஒட்டித் தனித்து நிற்கும் பாறைமலை மீது அமைந்த பழங்கோட்டை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 அடி உயரம். மலை சங்கு போலத் தெரிவதால் இப்பெயர் என்பர். அரணைக் குறிக்கும் ‘துர்க்கம்’ என்ற சொல் ஊரின் ரயில் நிலையப் பெயரில் இன்றும் ஒட்டியிருக்கிறது.

விஜயநகர ஆட்சியில், 15ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டதாகக் கருதப்படுகிறது. பின்னர் மைசூர் வசமாகி, ஹைதர், திப்பு காலத்தில் வலுப்பெற்றது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி ஆங்கிலேயர் கைக்குப் போனது.

மலையின் ஒரு பக்கம் தவிர மற்றப் பக்கங்கள் செங்குத்தானவை. அங்கே பாறையே மதில். ஏற இடம் தரும் ஒரே சரிவில்தான் கட்டியவர்களின் உழைப்பு முழுவதும் இறங்கியிருக்கிறது. ஒன்றன் மேல் ஒன்றாக 14 மதில்கள். ஒரு வாசலைக் கடந்து மூச்சு வாங்க நின்றால், அடுத்த மதில் தலைக்கு மேலே நிற்கிறது. இந்தக் கோட்டையைக் கீழே நின்று புரிந்துகொள்ள முடியாது. நடந்து ஏறினால்தான் விளங்கும். வழியில் தானியக் கிடங்கு, சுனைகள், தர்கா ஆகியவற்றைக் காணலாம். உச்சியில் சென்னகேசவப் பெருமாள் கோயில் உள்ளது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பக்தர்கள் திரளாக ஏறுகிறார்கள்.

வானம் தெளிந்த காலையில் வடகிழக்கே சேர்வராயன் மலை, தெற்கே திருச்செங்கோட்டு மலை, மேற்கே காவிரிச் சமவெளி எனக் கொங்கின் பாதி கண்ணுக்குள் வந்துவிடும். படைகளுக்கு இந்த மலை ஏன் தேவைப்பட்டது என்பதை அந்தக் காட்சியே சொல்லிவிடுகிறது.

ஆங்கிலேயரை 1801இல் காவிரிக்கரையிலும், 1802இல் ஓடாநிலையிலும், 1804இல் அரச்சலூரிலும் எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலை, 1805 ஜூலை 31 அன்று தம்பியருடன் இங்கே தூக்கிலிடப்பட்டார். அன்று ஆடி 18. காவிரிக்கரை முழுதும் புதுப்புனலுக்குப் படையல் வைக்கும் நாள். ஆண்டுதோறும் அந்நாளில் அரசு சார்பில் அவருக்கு மரியாதை செலுத்தப்படுகிறது.

கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. ஏறி இறங்க அரைநாள் வேண்டும்; பாறை சுடுமுன் விடியலிலேயே ஏறுவது நல்லது. மேலே கடைகள் இல்லை. குடிநீரைச் சுமந்து செல்லுங்கள். காலிப் புட்டிகளைக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். மதில்களில் பெயர் கிறுக்காதீர்கள்.