நான்கு சிவப்பு மைப் பதிவுகள்: இந்தியத் தரைப்படையில் சிறு தண்டனைகளும் சிப்பாயின் பணிக்காலமும்

1. ஆய்வின் எல்லை

விடுப்பு முடிந்து சில நாள் தாமதமாக யூனிட்டுக்குத் திரும்பும் சிப்பாய்க்காகப் பொதுவாகக் கோர்ட் மார்ஷல் கூட்டுவதில்லை. அவர் கமாண்டிங் ஆபீசர் முன் நிறுத்தப்படுகிறார். அங்கேயே தண்டனை முடிவாகிவிடுகிறது. அந்தத் தண்டனையை அனுபவித்து முடித்த பிறகு, அவருடைய பணி ஆவணத்தில் அது என்ன செய்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சிப்பாய், நாயக், ஹவில்தார் ஆகிய நிலைகளோடு இது நிற்கிறது, அதிகாரிகளுக்கும் ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்களுக்கும் (ஜே.சி.ஓ.) விதிகள் வேறு.

2. தண்டிக்கும் அதிகாரம்

1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 39ஆம் பிரிவு அனுமதியின்றி வராமலிருப்பதையும் விடுப்பு கடந்து தங்குவதையும் குற்றமாக்குகிறது. 48ஆம் பிரிவு குடிபோதையை. 63ஆம் பிரிவு ஒழுங்குக்குக் கேடான எச்செயலையும். கடைசிப் பிரிவின் வலை மிக அகலமானது. 80ஆம் பிரிவின்படி கமாண்டிங் ஆபீசர் 28 நாள் வரை ராணுவக் காவலில் சிறை வைக்கலாம், ஒரு மாதத்தில் 14 நாள் சம்பளம் வரை அபராதம் போடலாம், கண்டிக்கலாம், கூடுதல் காவல் பணி தரலாம். 1954ஆம் ஆண்டு ராணுவ விதிகளின் 22ஆம் விதி சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமையைச் சிப்பாய்க்குத் தருகிறது. ஆனால் தன் மேலதிகாரியின் எதிரில் விறைப்பாக நிற்கும் இருபது வயது இளைஞன் அதை எவ்வளவு பயன்படுத்துவான்?

3. பதிவும் எண்ணிக்கையும்

சிறை, கடுங்கண்டனம் போன்றவை சிப்பாயின் பணி ஆவணத் தாளில் சிவப்பு மையில் ஏறும். கூடுதல் பணி போன்ற இலேசானவை கறுப்பு மையில். பதவி உயர்வுக்குப் பெயர் வரும்போது இந்தத் தாளைத்தான் புரட்டுகிறார்கள். ஓய்வு பெறும்போது டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எழுதப்படும் நன்னடத்தை மதிப்பீடும் இதையொட்டியே அமையும். மறுவேலை தேடும் முன்னாள் ராணுவத்தினர் அதைத்தான் கையில் கொண்டு போகிறார்கள்.

மிகக் கடுமையான விளைவு அதே 1954 விதிகளின் 13ஆம் விதியில் இருக்கிறது. நான்கு சிவப்புப் பதிவுகள் சேர்ந்தவரை அவ்விதியின்கீழ் வெளியேற்றலாம் என்ற நடைமுறை நெடுங்காலமாக உண்டு. சிப்பாய் நிலையில் பென்ஷனுக்குப் பொதுவாக 15 ஆண்டுப் பணி வேண்டும். பதின்மூன்றாம் ஆண்டில் நான்காவது பதிவு விழுந்தால், சில நாள் தாமதம் ஒரு குடும்பத்தின் ஆயுள்கால வருமானத்தையே பறித்துவிடக்கூடும். முதல் மூன்றுக்கும் அவர் ஏற்கெனவே தண்டனை அனுபவித்தவர் என்பதை மறக்கக் கூடாது. தாயின் மரணத்துக்காகத் தங்கியதும் காவல் பணியில் குடித்ததும் எண்ணிக்கையில் ஒன்றாகவே நிற்கின்றன. இது அநீதி என்றே கருதுகிறேன்.

4. துபே தீர்ப்பு

ராணுவத் தலைமையகமே இந்த அநீதியை உணர்ந்திருந்தது. 1988 டிசம்பரில் அது வெளியிட்ட ஆணை, நான்கு பதிவுகள் இருந்தாலே வெளியேற்ற வேண்டும் என்ற கட்டாயமில்லை என்றது. முதனிலை விசாரணை வேண்டும். ஒவ்வொரு குற்றத்தின் தன்மை, நீண்ட பணி, கடினமான இடங்களில் கழித்த காலம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பென்ஷனை நெருங்கியவரிடம் கடுமை கூடாது.

பீரங்கிப் படையில் ஏறக்குறைய 12 ஆண்டு பணியாற்றிய வீரேந்திர குமார் துபே இந்த விசாரணையின்றி வெளியேற்றப்பட்டார். 2015இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையின் நடைமுறை ராணுவத்தைக் கட்டுப்படுத்தும் என்று கூறி வெளியேற்றத்தை ரத்து செய்தது. பழைய சம்பளம் கிடைக்கவில்லை, பென்ஷன் கிடைத்தது. எனினும் இத்தீர்ப்பு எல்லாருக்கும் கேடயமாகிவிடவில்லை. 2019இல் சத்குர் சிங் வழக்கில், பலமுறை அனுமதியின்றி வராதிருந்தவரின் வெளியேற்றத்தை அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

5. எஞ்சும் இடைவெளி

மேல்நிலை அதிகாரியிடம் முறையிட 26ஆம் பிரிவு வழி தருகிறது. ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையிலும் அமர்வு உண்டு. ஆனால் தீர்ப்பாயத்தை அமைத்த 2007ஆம் ஆண்டுச் சட்டம் அதன் வரம்புக்குள் கொண்டுவந்த சுருக்க விசாரணைகள், பணிநீக்கத்தில் முடிந்தவை மட்டுமே; கமாண்டிங் ஆபீசர் தரும் சிறு தண்டனைகள் அதில் அடங்கவில்லை. ஆகவே முதல் மூன்று பதிவுகளின் நியாயம் பெரும்பாலும் வெளியேற்ற ஆணை வந்த பிறகே பேசப்படுகிறது. அதற்குள் சாட்சிகள் வேறு ஊர்களுக்கு மாறியிருப்பார்கள், மருத்துவச் சான்று தொலைந்திருக்கும். சிவப்புப் பதிவு ஒவ்வொன்றிலும் தண்டனையோடு, சிப்பாய் சொன்ன காரணத்தையும் அவர் காட்டிய ஆவணத்தையும் அன்றே எழுதி, அதன் நகலை அவரிடமே கொடுக்க வேண்டும்.