இழை எதற்காகக் காத்திருக்கிறது?

சங்கரன்கோவிலில் வளர்ந்தவர்களுக்குத் தறியின் ஓசை தனியே கேட்பதில்லை. அது நின்றால்தான் கவனம் திரும்பும். நின்ற தறியை நெய்பவர் உடனே தட்டி ஓடவிடுவதில்லை. குனிந்து பார்ப்பார். அறுந்தது பாவு நூலா, ஊடை நூலா, எந்த இடத்தில் என்று கண்டு முடிச்சிட்ட பிறகே தறி ஓடும். காரணம் அறியாமல் ஓட்டினால் துணியில் குறை விழும்.

சென்ற பருவத்தில் அகமதிப்பெண்களைக் கணினியில் ஏற்றும் கடைசி நாளன்று, மாலை நான்கு மணிக்குத் திரை உறைந்து நின்றது. பழுதுபார்க்க வந்த இளைஞர் அணைத்துப் போட்டார். "ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிரும் சார்" என்றார். சரியாகத்தான் ஆயிற்று. ஆனால் நாற்பது பேரின் மதிப்பெண்களை மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. அவசரத்தில் ஒரு மாணவியின் எண்ணை நான் அடுத்த வரிசையில் இட்டுவிட்டேன். அதைத் திருத்த அந்தப் பெண் மூன்று வாரம் அலைந்தாள். தவறு என்னுடையதே. ஆயினும், "எதனால் நின்றது தம்பி?" என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன மறுமொழி மனத்தில் தங்கிவிட்டது: "அதெல்லாம் பாக்க முடியாது சார்."

உண்மையிலேயே பார்க்க முடியாதா? கணினித் துறை நண்பர்களைக் கேட்டும் தேடிப் படித்தும் அறிந்தவற்றை இங்கே தொகுத்துச் சொல்கிறேன்.

கணினிக்குள் ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்கின்றன. ஒவ்வொரு வேலையின் ஓட்டத்தையும் ஆங்கிலத்தில் 'திரெட்' என்கிறார்கள். தமிழில் 'இழை' என்றே வழங்குகிறோம். இச்சொல்லை முதலில் ஆண்டவர் விக்டர் விசோட்ஸ்கி என்று 1966-இல் ஜெரோம் சால்ட்சர் தம் ஆய்வேட்டில் குறித்திருக்கிறார். நெசவூர்க்காரனுக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை.

ஓர் இழை மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும், அல்லது ஓடத் தயாராகித் தன் முறைக்காக நிற்கும், அல்லது வேறொன்று நிகழ வேண்டுமென்று காத்திருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை வேறுபடுவதில்லை. ஒரே இடத்தில் வீணாய்ச் சுற்றும் இழையும் உறங்கும் இழையும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். எனவே நோய் நாடுபவர் முதலில் கேட்க வேண்டியது: ஓடுகிறதா, காத்திருக்கிறதா? அடுத்தது: எதற்காக? அதற்கும் அடுத்தது: அந்தப் பொருள் இப்போது யார் கையில்? கடைசியாக: கையில் வைத்திருப்பவர் என்ன செய்துகொண்டிருக்கிறார்?

நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1965-இல் இச்சிக்கலை ஆராய்ந்து எழுதினார். ஒரு பொருளை ஒரு நேரத்தில் ஒருவரே தொட வேண்டுமானால் அதற்கொரு பூட்டு வேண்டும். 'செமஃபோர்' என்ற அடையாளத்தை அதற்காக வகுத்தார். பூட்டு வந்ததும் பூட்டின் துன்பமும் வந்தது. வட்டமேசையைச் சுற்றி ஐந்து மெய்யியலாளர். தட்டுகளுக்கிடையே ஐந்து முட்கரண்டிகள். உண்ண ஒருவருக்கு இரண்டு வேண்டும். ஒவ்வொருவரும் இடப்பக்கத்ததை எடுத்துக்கொண்டு வலப்பக்கத்ததற்காகக் காத்திருந்தால் ஐவரும் பட்டினி. எவரும் தவறு செய்யவில்லை, எவரும் நகரவுமில்லை. இத்தகைய முட்டுநிலை தோன்ற நான்கு நிபந்தனைகள் ஒருங்கே அமைய வேண்டும் என்று 1971-இல் காஃப்மனும் உடனாய்வாளர் இருவரும் எடுத்துக்காட்டினர்.

ஆனால் நின்றுபோன இழை தன் நோயைத் தானே சொல்லாது. அது உறங்குகிறது. ஆகவே உறங்குவதற்கு முன்னரே எதற்காக உறங்குகிறது என்பதை எழுதி வைத்தாக வேண்டும். பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸில் இதற்கோர் எளிய ஏற்பாடு உண்டு. 1975-இல் வெளியான ஆறாம் பதிப்பில், ஒரு வேலை உறங்கப் போகும்போது, தான் எதிர்நோக்கும் பொருளின் நினைவக முகவரி அதன் குறிப்பேட்டில் பதிவாகிவிடும். அந்தப் பொருள் கிடைத்ததும் இயங்குதளம் அதே முகவரியைக் குறித்திருப்பவர்களை எழுப்பும். எழுப்புவதற்கென்று வைத்த குறிப்பே பிற்காலத்தில் நோய் நாடவும் உதவிற்று. லினக்ஸ் கணினியில் இன்றும் எந்த வேலை எதற்காக நிற்கிறது என்று ஒரே கட்டளையில் பார்க்கலாம். குறுக்கிட முடியாத உறக்கத்தில் ஒரு வேலை 120 நொடிக்கு மேல் கிடந்தால், பொதுவாக லினக்ஸ் தானே எச்சரிக்கை எழுதி வைக்கும். பார்க்க முடியாது என்று அந்த இளைஞர் சொன்னது சரியன்று. பார்க்கும் பழக்கம் நம்மிடம் இல்லை, அவ்வளவுதான்.

இந்த வரலாற்றின் உச்சம் செவ்வாய்க் கோளில் நிகழ்ந்தது. 1997 ஜூலை 4 அன்று பாத்ஃபைண்டர் கலம் அங்கே இறங்கியது. சில நாட்களில் அதன் கணினி தன்னைத்தானே அணைத்துப் போடத் தொடங்கிற்று. ஒவ்வொரு முறையும் அன்றைய எஞ்சிய வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போனது. பூமியில் சோதித்தபோதே இக்கோளாறு அரிதாகத் தலைகாட்டியிருந்தது. மறுபடி வரவழைக்க முயன்றபோது பிடிபடவில்லை.

நடந்ததை நம் அலுவலக உவமையால் சொல்லலாம். கடைநிலை ஊழியர் ஒருவர் பீரோச் சாவியை வாங்கிப் போயிருக்கிறார். முதல்வருக்கு அவசரமாகச் சாவி வேண்டும், காத்திருக்கிறார். ஊழியர் திரும்பி வரும் வழியில் இடைநிலை அலுவலர்கள் அவரை மறித்துத் தேநீர் வாங்கிவர அனுப்புகிறார்கள். அவர்களுக்கு முதல்வர் காத்திருப்பது தெரியாது. விளைவு, முதல்வரின் அவசரம் தேநீருக்குப் பின்னால் நிற்கிறது. பாத்ஃபைண்டரில் ஊழியரின் இடத்தில் இருந்தது வானிலைத் தரவு திரட்டும் இழை. முதல்வரின் இடத்தில், கலத்தின் தரவுத் தடத்தை நிருவகிக்கும் இழை. நொடிக்கு எட்டு முறை வேலை முடிந்ததா என்று பார்க்கும் மேற்பார்வை இழை, முடியவில்லை என்று கண்டதும் கணினியை அணைத்துப் போட்டது. பொறியாளர்கள் கலத்தின் நகலைப் பூமியில் ஓட்டி, ஒவ்வொரு நிகழ்வையும் பதிவுசெய்து, கோளாறு மறுபடி நிகழும்வரை காத்திருந்தார்கள். நிகழ்ந்ததும் பதிவேட்டில் காரணம் தெளிவாகத் தெரிந்தது.

தீர்வு முன்பே எழுதப்பட்டிருந்தது. 1990-இல் லுய் ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹாக்ஸ்கி ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வுரை அது. உயர்ந்தவர் காத்திருக்கும்வரை, சாவி வைத்திருப்பவருக்கு அந்த உயர்ந்தவரின் தகுதியையே தற்காலிகமாக அளித்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். அப்போது இடைநிலையார் எவரும் அவரை மறிக்க முடியாது. மூவரில் ராஜ்குமார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1984-இல் பொறியியல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1989-இல் முனைவரானவர். கலத்தின் இயங்குதளத்தில் இவ்வசதி ஏற்கெனவே இருந்தது. அந்தப் பூட்டுக்கு மட்டும் அணைந்திருந்தது. பூமியிலிருந்து கட்டளை அனுப்பி அதை உயிர்ப்பித்தார்கள். கணினி அடங்கிற்று. அவ்வாண்டு டிசம்பரில் ஒரு கருத்தரங்கில் இக்கதை சொல்லப்பட்டபோது மூவரும் அவையில் இருந்தனர். அவை கைதட்டி அவர்களைப் பாராட்டியது.

தமிழ் படித்தவனுக்கு இதில் வெறியாட்டு நினைவுக்கு வராமல் இராது. மகள் மெலிகிறாள், காரணம் தெரியவில்லை. தாய் வேலனை அழைக்கிறாள். கழங்கிட்டுப் பார்த்து, முருகு அணங்கிற்று என்கிறான் அவன். களம் இழைத்து, மறி அறுத்து, ஆடி முடிக்கிறார்கள். நோயோ மலைநாடன்மேல் கொண்ட காதல். தலைவி வாய்திறக்க மாட்டாள். அப்போது தோழி அறத்தொடு நிற்கிறாள். எந்த நாள், எந்தப் புனம், யார் வந்தான் என்பதைச் சொல்கிறாள். அவளால் சொல்ல முடிவது அவள் உடனிருந்து பார்த்தவள் என்பதால்தான். அணைத்துப் போடுவது வெறியாட்டு, பதிவேடு தோழி. வேலன் ஆடிய மறுநாளும் மெலிவு தொடர்வதைப் போலவே, காரணம் காணாமல் அணைத்துப் போட்ட கணினியும் மறுபடி நிற்கும்.

மூன்று வாரம் அலைந்த அந்த மாணவியின் விண்ணப்பமும் ஏதோ ஒரு மேசையில் ஒருவரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. எந்த மேசை, யாருடைய கையெழுத்து என்று எங்கும் குறித்து வைக்கப்படவில்லை. ஒவ்வொரு முறையும் அவளைப் புதிய விண்ணப்பம் எழுதச் சொன்னார்கள். மூன்றாம் விண்ணப்பத்தின்போது நானே உடன் சென்று, முதல் விண்ணப்பம் யாரிடம் நிற்கிறது என்று மேசை மேசையாகக் கேட்டேன். அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டது.